நசுக்காத திராட்சையிலிருந்து வரும் ஒயின்

பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே இருக்கும் மலைச்சரிவுப் பகுதி போஜொலே. அங்கே விளைவது பெரும்பாலும் ஒரே சிவப்புத் திராட்சை, பெயர் கமே. 1395இல் பர்கண்டியை ஆண்ட கோமகன் பிலிப் இந்தக் கொடியைக் கெட்டது, துரோகி என்றெல்லாம் திட்டி, வெட்டிப் போட உத்தரவிட்டார். விளைச்சலை அள்ளிக் கொடுக்கும், ஆனால் தரம் போதாது என்பது புகார். போஜொலேயின் கருங்கல் மண்ணில் அது பிழைத்துக்கொண்டது. இன்று லேசான சிவப்பு ஒயின் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கமேதான்.

லேசானது என்றால் நீர்த்துப்போனது என்று அர்த்தமில்லை. கமேயைப் பிழிந்தால் வரும் சாற்றுக்கு நிறமே கிடையாது. சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. துவர்ப்பைத் தரும் டானின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. வழக்கமான சிவப்பு ஒயினுக்குத் திராட்சையை நசுக்கி, சாற்றைத் தோல், விதையோடு சேர்த்தே நொதிக்க விடுவார்கள். ஆல்கஹால் ஏற ஏற டானின் கரைந்து இறங்கும்.

போஜொலேயில் நசுக்குவதில்லை. கையால் பறித்த கொத்துகளைக் காம்போடு அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் இருப்பவை பாரம் தாங்காமல் உடைந்து, ஈஸ்ட் வேலை செய்யத் தொடங்கும். அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும். மேலே முழுதாக இருக்கும் பழங்களுக்கு இப்போது ஆக்சிஜன் இல்லை. உடனே அவற்றின் சொந்த நொதிகளே உள்ளுக்குள் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகின்றன, ஈஸ்ட்டின் துணையே இல்லாமல். இந்தக் கட்டத்தில் ஒரு பழத்தை எடுத்து இரண்டாக நறுக்கினால், நிறமற்றிருந்த சதை இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். தோலின் நிறம் உள்நோக்கி ஊறியிருக்கிறது. விதை மட்டும் சதைக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. பழத்துக்குள் ஆல்கஹால் 2 சதவீதம் அளவுக்கு வந்ததும் செல்கள் தளர்ந்து பழம் உடைகிறது. அதற்குள் புளிப்பான மாலிக் அமிலம் கணிசமாகக் குறைந்து, ஸ்ட்ராபெர்ரி வாசனை தரும் எத்தில் சின்னமேட் போன்ற சேர்மங்கள் உருவாகிவிடுகின்றன. அப்புறம் பிழிந்து, மிச்ச நொதித்தலை ஈஸ்ட்டிடம் விட்டுவிடுவார்கள். நிறமும் வாசனையும் கிடைத்தாயிற்று, துவர்ப்பு பெரிதாக வரவில்லை.

இந்த ஒயின் எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு ஒட்டி அவற்றைத் திரித்துவிடும்; வாயின் வழுவழுப்பு போய், பாக்கு மென்றது போல நாக்கு இழுக்கும். குளிர்ச்சி அந்த இழுப்பைக் கூட்டும். அதனால்தான் கனமான சிவப்பு ஒயினைக் குளிர வைத்தால் கடுகடுக்கும். டானின் குறைந்த போஜொலேயை 12 முதல் 14 டிகிரியில் தாராளமாகக் குடிக்கலாம். ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் போதும்.

லியோனின் புஷோன் என்ற சிறு உணவகங்களில் அடி தடித்த 46 சென்டிலிட்டர் குப்பியில் இதை ஊற்றித் தருவார்கள். கூடவே பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, குடல் வறுவல் என்று கொழுப்பான தட்டுகள். ஒயினின் புளிப்பு அந்தக் கொழுப்பின் திகட்டலை அறுக்கும். மீனோடு சிவப்பு ஒயின் ஆகாது என்பதற்குப் பழி மொத்தமும் டானின் மேல்தான் விழுந்துவந்தது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறொரு குற்றவாளியைக் காட்டினார்கள். ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு மீன் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சையைக் கிளப்புகிறதாம். ஆகவே லேசான ஒயின் என்பதாலேயே எல்லா மீனுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

காரம் தனிக் கதை. மிளகாயின் எரிச்சலை உணரும் நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. 15 சதவீத ஒயினைக் காரக் குழம்போடு குடித்தால் வாய் இன்னும் எரியும். 12, 13 சதவீதத்தில், குளிர்ந்த ஒயின் என்றால் சமாளிக்கலாம்.

நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வரும் புது போஜொலே என்னைப் பொறுத்தவரை ஒயினைவிடத் திருவிழா. அறுவடை முடிந்து சில வாரங்களில் குப்பியில் அடைத்தது, பழ வாசனையைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. போஜொலேக்குள்ளேயே ஊர்ப் பெயரில் தனியாக ஒயின் விற்கும் பத்து இடங்களில் மோர்கோன், மூலான்-ஆ-வான் இரண்டையும் தேடிக் குடிப்பது மேல். ஆனால் அங்கே தோலோடு நீண்ட நாள் ஊறவிடுபவர்கள் உண்டு. அந்தக் குப்பிகளை லேசானவை என்று நினைத்து ரொம்பக் குளிர வைக்க வேண்டாம்.