எல்லா மாத்திரைகளும் ஒரே உடலில்தான் சேர்கின்றன

இரத்தக் கொதிப்பும் மூட்டுவலியும் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதாவதை இந்தக் கோடையில் அளவுக்கு மீறிப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். கடைசியாக வந்த அம்மையாரின் இரத்தத்தில், சிறுநீரகம் பழுதானால் கூடும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் 4-ஐத் தாண்டியிருந்தது. மகள் துணிப்பையைக் கவிழ்த்தபோது, மூன்று மருத்துவர்களின் சீட்டுகளோடு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டையும் மேசையில் விழுந்தது.

கொதிப்புக்குக் கொடுத்த அம்லோடிபினால் கணுக்கால் வீங்கியிருக்கிறது; அதைப் புதிய நோயாகக் கருதிய இன்னொருவர், நீர் பிரிய ஃபுரோசிமைடு எழுதியிருக்கிறார். (இவ்வகை வீக்கத்துக்கு அது பெரிதாகப் பயன்படாது என்பதை இளம் மருத்துவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.) ஏற்கெனவே டெல்மிசார்டன் என்ற இன்னொரு கொதிப்பு மாத்திரையும் இருந்தது. அவர் குடியிருப்பது மாடியில், கழிப்பறை கீழே. அடிக்கடி படி இறங்கியதில் முழங்கால் வலி கூடியது. வலி கூடியதால் டைக்ளோஃபெனாக்கும் கூடியது. இறங்குவதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். நீர் வற்றிய உடலில் டெல்மிசார்டன், ஃபுரோசிமைடு, டைக்ளோஃபெனாக் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கிவிட்டன. எந்த ஆய்வக அறிக்கையிலும் அந்தப் படிக்கட்டு இல்லை. உடலுறுப்புகள், மருந்துகள், வீடு ஆகியவை ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று சேர்த்துப் பார்ப்பதே முழுமை நோக்கு. நோயை உடல், மனம், சமூகச் சூழல் மூன்றோடும் இணைத்தே அறிய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் 1977-இலேயே வாதிட்டார்.

ஆனால் இன்று 'முழுமை மருத்துவம்' என்றாலே ஆங்கில மருந்தை விட்டுவிட்டுக் கழிவு நீக்கும் சாறு குடிப்பது என்று நம்பவைத்திருக்கிறார்கள். வயது, சிறுநீரகத்தின் நிலை, உண்ணும் மற்ற மருந்துகள் என எதையும் விசாரிக்காமல் எல்லோருக்கும் ஒரே சாற்றை விற்பது எப்படி முழுமையாகும்? சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் மிகுந்த சாறு இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். வேறு சிலரோ, உடல் முழுவதும் பரிசோதனை செய்துகொண்டால் அதுவே முழுமை என்று எண்ணுகிறார்கள். நாற்பது எண்கள் அச்சிட்ட தாள், நோயாளியின் வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. மருந்து எந்த முறையைச் சேர்ந்தது என்பதன்று கேள்வி. கொடுப்பவர் மற்றவற்றையும் கேட்டறிந்தாரா என்பதே கேள்வி.

வலி மாத்திரையையும் ஃபுரோசிமைடையும் நிறுத்தி, நீர்ச்சத்தைச் சரிசெய்த பின் அந்த அம்மையார் தேறினார். எல்லோரும் தேறுவதில்லை.

ஆகவே, எந்த மருத்துவரிடம் போனாலும் லேகியம், சூரணம் உட்பட உண்பவை அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய மாத்திரைக்குப் பின் புதிய தொல்லை வந்தால், அந்த மாத்திரையால் வந்ததா என்று முதலில் கேளுங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், எந்த மாத்திரைகளை நிறுத்திவைப்பது என்று அன்றே மருத்துவரைக் கேளுங்கள். பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகள், அவர்கள் எங்கே உறங்குகிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிய மருந்தை எழுதுமுன், பழைய சீட்டில் எதை நீக்கலாம் என்று ஒருமுறை பாருங்கள்.