சோறு வெந்த பிறகும் ஓடும் கரண்ட்

கரண்ட் பில் ஏன் கூடுகிறது என்று பார்த்துச் சொல்லக் கொழும்பு வீடுகளுக்குப் போகிற எலெக்ட்ரீசியன் நான். பில்லைக் கையில் தந்ததும் எல்லோரும் ஏசியையும் பிரிஜ்ஜையும்தான் காட்டுவார்கள். மூலையில் சின்ன லைட் எரிய இருக்கும் ரைஸ் குக்கரை ஒருவரும் காட்டுவதில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் அதைப் பற்றிக் கேட்டேன். "அது காலமையே ஓஃப் ஆகிட்டுது தம்பி" என்றார் வீட்டுக்கார அன்ரி. அப்போது பின்னேரம் மூன்று மணி. மூடியைத் திறந்தால் சோறு சுடச்சுட இருந்தது. அடிப்பக்கம் மஞ்சளாகிக் காய்ந்திருந்தது.

குக்கருக்குள் நடப்பது இதுதான். சட்டிக்குக் கீழே, தகட்டின் நடுவில், ஸ்பிரிங்கில் அமர்ந்த குமிழ் ஒன்று இருக்கும், அதற்குள் காந்தம். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் அடி 100 பாகை செல்சியஸைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று ஏறும். 103 பாகை அளவில் காந்தப்பிடி விட்டுப்போக, லீவர் 'டக்' என்று மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் ஓஃப் ஆகிவிட்டதென்று நினைக்கிறார்கள். உண்மையில் கரண்ட் குறைகிறது, நிற்பதில்லை. சாதாரண குக்கர்களில் சமைக்க 'குக்', சூடு ஆறாமல் வைத்திருக்க 'வோர்ம்' என்ற இரண்டே நிலைகள். சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்தும்வரை, சட்டி வெறுமையாகக் கிடந்தாலும் அது சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

1.8 லீற்றர் குக்கர் பெரும்பாலும் 700 வோட். அரை மணி நேரத்தில் சோறு வெந்தால் 0.35 யுனிட். சமைப்பதற்கு இது நல்ல சாமான்தான். சட்டி நேரே தகட்டில் அமர்வதால், காஸ் அடுப்பைப்போலச் சூடு சட்டியைச் சுற்றி வெளியே போவதில்லை. வீண் பிறகுதான் தொடங்குகிறது. நான் மீற்றர் பூட்டிப் பார்க்கும் குக்கர்கள் வோர்மில் 40 முதல் 60 வோட் வரை இழுக்கின்றன. 50 என்றே வைப்போம். காலை 6 மணி தொடங்கி இரவு 8 மணிவரை 14 மணித்தியாலம்: 0.7 யுனிட். சமைக்கச் செலவானதைப்போல இரண்டு மடங்கு! மாதத்துக்கு 21 யுனிட். மெல்லிய உடம்பு, ஆவி போகத் துளைவைத்த மூடி. உள்ளே போகிற சூடெல்லாம் கடைசியில் குசினிக்குள்தான் வருகிறது.

எங்கள் கட்டண முறையில் மாதம் 60 யுனிட்டைத் தாண்டினால் யுனிட் விலையும் நிலையான கட்டணமும் அடுத்த படிக்கு ஏறும். 50இல் நிற்கக்கூடிய சின்னக் குடும்பத்தை அந்தப் பக்கம் தள்ள இந்த 21 தாராளம்.

ஏன் விரும்புகிறார்கள் என்பது விளங்காமலில்லை. விடியப் புறம் எல்லோரும் ஓடும் வீடு. பிள்ளை ரியூசன் முடிந்து நாலு மணிக்கு, தகப்பன் காலி வீதி பஸ்ஸில் நெரிபட்டு எட்டு மணிக்கு. யார் எப்போது வந்தாலும் சூடான சோறு. 2022இல் காஸ் வரிசையில் நின்றவர்களுக்கு இது ஒரு தைரியமும்கூட.

சுவிட்சை நிறுத்திவிட்டுச் சோற்றை அப்படியே குக்கருக்குள் விடச் சொல்லவே மாட்டேன். கொழும்பு வெக்கையில் அது ஆபத்து. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் சாகாமல் இருந்து, சோறு ஆறியதும் பெருகும். அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிச்சச் சோற்றைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிஜ்ஜில் வையுங்கள். சாப்பிடும்போது தேவையான அளவை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளித்து, குக்கரிலேயே பத்து நிமிடம் நன்றாகச் சூடாக்குங்கள். ஒரு தரத்துக்கு 0.12 யுனிட் அளவில்தான் போகும். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் தனித்தனியே சூடாக்கினாலும் 0.24.

உங்கள் குக்கரை நீங்களே சோதிக்கலாம். மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, வோர்மில் அதை மட்டும் ஓடவிட்டு, மீற்றரில் மினுங்கும் சிவப்பு லைட்டைப் பாருங்கள். யுனிட்டுக்கு 1600 துடிப்பு என்று மீற்றரில் பொறித்திருந்தால், 50 வோட்டுக்கு 45 செக்கனுக்கு ஒரு தரம் மினுங்கும். அதைவிட விரைவாக மினுங்கினால் உங்கள் குக்கர் நான் சொன்ன கணக்கையும் தாண்டி இழுக்கிறது.