“'டி' எடுத்தாலும் பாஸ்தானே மேடம்?”

கலிபோர்னியாவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில், பாடத் தேர்வில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலராக இருக்கிறேன். செப்டம்பர் வந்தால் 12ஆம் வகுப்புப் பெற்றோர் வரிசையாக வருவார்கள். அப்படி வந்த ஒரு தமிழ் அப்பா, மகனின் டிரான்ஸ்கிரிப்டை (எல்லா ஆண்டுகளின் கிரேடுப் பட்டியல்) பார்த்துச் சந்தோஷமாகத்தான் இருந்தார். நான் ஒரு வரியில் விரலை வைத்தேன். 10ஆம் வகுப்பு, உலக வரலாறு, இரண்டாம் செமஸ்டர்: 'டி'. பக்கத்திலேயே கிரெடிட் 5.0.

“பாஸ்தானே மேடம்? கிரெடிட் முழுசா போட்டிருக்காங்களே?”

பாஸ்தான், டிப்ளமோவுக்கு, அதாவது பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழுக்கு. ஆனால் யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்), கால் ஸ்டேட் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) இரண்டும் சேர்க்கைக்குக் கேட்கும் பாடங்களின் பட்டியலான ஏ-ஜியில் 'சி'க்குக் கீழே எடுத்தால் அந்தப் பாடம் படிக்காததற்குச் சமம். கணிதத்திலும் அயல்மொழியிலும் அடுத்த செமஸ்டரில் 'சி' எடுத்து முந்தைய 'டி'யை ஈடுகட்டலாம். வரலாற்றுக்கும் ஆங்கிலத்துக்கும் அந்த வழி கிடையாது. திரும்பப் படிக்க வேண்டியதுதான். பையன் விண்ணப்பக் கட்டுரைகளுக்கு நடுவே, கம்யூனிட்டி காலேஜில் இரவு வகுப்புக்குப் போனான்.

அவர் மேல் தப்பில்லை. நமக்கு மனசில் இருப்பது ப்ளஸ் டூ. குரூப் எடுத்துவிட்டால் பாடங்கள் தானாக அமையும், 35 எடுத்தால் பாஸ். இங்கே பொதுத் தேர்வே இல்லை. முன்பு இருந்த வெளியேறும் தேர்வையும் 2015இல் நிறுத்திவிட்டார்கள். டிப்ளமோவுக்கு மாநிலம் கேட்பது, ஓராண்டு படிக்கும் பாடங்கள் குறைந்தபட்சம் 13. அதில் ஆங்கிலம் 3, கணிதம் 2, உடற்கல்வியே 2. ஏ-ஜி கேட்பது 15: ஆங்கிலம் 4, கணிதம் 3, அயல்மொழி 2. உடற்கல்விக்கு அங்கே இடமில்லை. இதற்கு மேல் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) தன் பங்குக்குச் சேர்க்கும். (தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை அயல்மொழிக் கிரெடிட்டாக ஏற்கும் மாவட்டங்கள் உண்டு. 9ஆம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்.)

சரி, புது மாற்றங்கள். 2024இல் வந்த சட்டப்படி, 2031இல் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் முதல் தனிநபர் நிதி ஒரு செமஸ்டர் கட்டாயம். எண்ண வேண்டியது பள்ளியை முடிக்கும் ஆண்டை. அதாவது 2027இல் 9ஆம் வகுப்புக்குள் நுழைபவர்கள். அவர்களுக்கு முன்னால் போகும் அக்கா அண்ணனுக்கு இது பொருந்தாது. வரவுசெலவு, கடன், வரி எல்லாம் சொல்லித்தருவார்கள். நல்ல பாடம் என்றே நினைக்கிறேன். இதைப் படித்தால் பொருளாதாரப் பாடத்திலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பொருளாதாரத்தை விடுவதற்கு முன், உங்கள் பள்ளி நடத்தும் நிதிப் பாடத்துக்கு ஏ-ஜி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று இனவியல் படிப்பு (எத்னிக் ஸ்டடீஸ்: அமெரிக்காவின் சிறுபான்மை இனத்தவரின் வரலாறும் பண்பாடும்). 2021இல் சட்டமாகி, 2030இல் முடிப்பவர்கள் முதல் கட்டாயம் என்று வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றுகிறது. மாநிலம் நிதி ஒதுக்கினால்தான் அது அமலாகும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கவில்லை. ஆனால் சில மாவட்டங்கள் தாங்களாகவே கட்டாயமாக்கியிருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எப்படி என்று கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

அப்புறம், ஜனவரியில் முதல் செமஸ்டர் கிரேடு ஏறியதும் டிரான்ஸ்கிரிப்டை வாங்கிப் பாருங்கள். கிரெடிட் பத்தியை விட்டுவிட்டு கிரேடு பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். 'டி' கண்ணில் பட்டால் கோடை வகுப்பில் இடம் பிடிக்க அப்போது நேரம் இருக்கும்.