'4 ட்ராக்' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள்

போன மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். பைக்கின் பின்சீட்டில் நண்பர், அவர் மடியில் ஒரு பெரிய ரீல் டேப் ரெக்கார்டர். பழுது பார்க்கும் என்னிடம் அப்படியே கடலூர் வரை கொண்டுவந்துவிட்டார்கள். "அண்ணே, இது நாலு ட்ராக் மெஷின். கிடார், ஆர்மோனியம், தபலா, பாட்டு எல்லாம் தனித்தனியா பதியப் போறேன். வால்யூம் திருப்பினா கொரகொரங்குது, அத மட்டும் பார்த்துக் குடுங்க" என்றார். முகப்பில் '4 ட்ராக்' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. சேர்த்து வைத்த காசு முழுவதையும் கொடுத்து வாங்கியிருக்கிறார். அவர் நினைத்த வேலை அதில் நடக்காது என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த ஸ்டீரியோ ரீல் மெஷின்களில் அந்த எழுத்துக்குப் பொருள் வேறு. டேப்பில் நான்கு தடங்கள் உண்டு, உண்மைதான். ஆனால் ரீல் ஒரு பக்கம் ஓடும்போது இரண்டு, திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு. எந்த நேரத்திலும் இடது, வலது என்று இரண்டுதான் கேட்கும். அந்தத் தம்பி நினைத்ததுபோல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதியும் மல்டிட்ராக் மெஷினில் நான்கு தடங்களும் ஒரே திசையில் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெக்கார்ட் சுவிட்ச், சத்த அளவைக் காட்டும் தனி மீட்டர் இருக்கும். வாங்கப் போகும் இடத்தில் முதலில் அதை எண்ணிப் பாருங்கள்.

நான்கு மீட்டர் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். 1970களில் நான்கு ஸ்பீக்கரில் கேட்பதற்காகக் குவாட்ரபோனிக் மெஷின்கள் வந்தன. அவற்றில் பலவற்றுக்கு 'சிங்க்' வசதி கிடையாது. முதலில் பதிந்த தபலாவைக் கேட்டுக்கொண்டே நீங்கள் பாட வேண்டும் அல்லவா? ஹெட் என்பது டேப் உரசிப் போகும் காந்தமுனை. பதியும் ஹெட்டும் கேட்கும் ஹெட்டும் ஒன்றரை அங்குலம் தள்ளியிருந்து, டேப் நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடினால், உங்கள் பாட்டு தபலாவுக்கு ஐந்தில் ஒரு நொடி பிந்திப் பதியும். தாளமே நிற்காது. சிங்க் உள்ள மெஷினில் பதியும் ஹெட்டின் வழியாகவே பழைய தடங்களையும் கேட்கலாம், அதனால் பிந்தாது.

முதன்முதலாக வாங்குபவருக்கு நான் சொல்வது நாலு ட்ராக் கேசட் மெஷின்தான். டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தது 1979ல். சத்தங்களைக் கலக்கும் மிக்ஸரும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில். வழக்கமான கேசட்டேதான், ஆனால் நான்கு தடங்களும் ஒரே திசை. வேகமும் இரட்டிப்பு, நொடிக்கு 9.5 சென்டிமீட்டர். அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். எல்லா மாடலிலும் இந்த வேகம் இல்லை, கேட்டு வாங்குங்கள். நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத டேப்பில் நான்கு தடம் என்பதால் இரைச்சல் இருக்கும். மூன்று தடங்களைக் கலந்து நாலாவதில் இறக்கினால் அது இன்னும் கூடும். ரீலில் சத்தம் சுத்தமாக வரும், ஆனால் செலவு கையைக் கடிக்கும். நொடிக்கு 15 அங்குலத்தில் ஓட்டினால் பத்தரை அங்குல ரீலில் ஏறும் 2500 அடி டேப் 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்தது நம் ஊர்க் கரண்ட். ஆரோவில் பக்கம் வெளிநாட்டு மெஷின்கள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. அமெரிக்க மெஷின் என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், நம் 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். கரண்டின் ஹெர்ட்ஸைப் பிடித்து ஓடும் ஏசி மோட்டாராக இருந்தால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அங்கே 5 கட்டையில் பதிந்த டேப் இங்கே 3 கட்டைக்கும் சற்றுக் கீழே பாடும். டிசி மோட்டார் மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடல்காற்று செய்வதை நான் தினமும் பார்க்கிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பெட்டியைத் திறந்தாலே ஸ்க்ரூ தலையெல்லாம் துரு. டேப்பை அழுத்தி ஓட்டும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் கையில் ஒட்டும். பெல்ட் கறுப்புக் கோந்தாக இளகிக் கிடக்கும். இவையெல்லாம் மாற்றக்கூடியவை, பயப்பட வேண்டாம். ஹெட் தேய்ந்திருந்தால்தான் கஷ்டம். டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் உரசும் இடம் தட்டையாகிப் பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். பழைய டேப்பும் சேர்த்துக் கொடுத்தால் ஆசைப்பட வேண்டாம். சில டேப்களில் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கீச்சென்று கத்தி ஹெட்டில் அப்பிக்கொள்ளும்.

போகும்போது ஹெட்ஃபோனும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியும் எடுத்துப் போங்கள். நான்கு தடத்திலும் ஒரு நிமிடம் சுருதியைப் பதிந்து கேளுங்கள். ஸ்வரம் ஆடினால் மோட்டாரோ ரோலரோ பெல்ட்டோ சரியில்லை. ஒரு தடம் மட்டும் மங்கினால் ஹெட்டில் அழுக்கு இருக்கலாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மறுபடி பதியுங்கள். அப்போதும் மங்கினால் வாங்காதீர்கள்.

அந்தத் தம்பியின் மெஷினைச் சுத்தம் செய்து, ரோலர் மாற்றிக் கொடுத்தேன். அது வீண் இல்லை. கேசட் மல்டிட்ராக் ஒன்று அமைந்ததும், நான்கு தடங்களையும் கலந்து ஸ்டீரியோவாக இறக்க இந்த ரீல் மெஷின் அருமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் ஏதாவது கண்ணில் பட்டால், காசு கொடுப்பதற்கு முன் மீட்டர்களை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.