ஆண்டெனா பெருக்குமா, ஈட்டுமா?

"6 டெசிபல் பெருக்கம் கொண்ட ஆண்டெனா." இதைப் படித்துவிட்டு, சிக்னல் ஆறு மடங்காகும் என்று நம்பி வந்து நின்றான் ஒரு பையன். அவன்மேல் குற்றமில்லை.

அந்தப் 'பெருக்கம்' ஆங்கிலத்தில் 'கெயின்'. பழைய பிரெஞ்சுச் சொல்வழி வந்தது. இலாபம், ஈட்டிய பொருள். 'ஆண்டெனா' இலத்தீனில் பாய்மரத்தின் குறுக்குக்கழி. மார்க்கோனி காலத்தில் வானொலிக்கு வந்தது. (அலைவாங்கி என்பார்கள். அலையைக் கொடுக்கவும் செய்வதை 'வாங்கி' என்பானேன்? ஆண்டெனாவே இருக்கட்டும்.)

என் சண்டை 'பெருக்க'த்தோடுதான். பள்ளி இயற்பியலில் பெருக்கி என்றொரு சுற்று உண்டு. வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி, சிறிய சைகையைப் பெரிதாக்கும். அதன் 'கெயின்' பெருக்கம் என்றால் சரி. ஆண்டெனா வெறும் உலோகக் கம்பி. அதற்கு மின்கலமும் கிடையாது, கொடுத்ததற்கு மேல் ஒரு மில்லிவாட் தராது. கிணற்று நீரை நாலு மடையிலும் விட்டால் நாலு வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம். மூன்றை அடைத்தால் ஒரு வயலுக்கே மொத்தமும். கிணற்றில் நீர் பெருகியதா என்ன? ஆண்டெனாவும் பல திசைக்குச் சிதறுவதை ஒரு திசைக்குத் திருப்புகிறது, அவ்வளவே.

பெருக்குவதென்றால் துடைப்பத்தால் கூட்டுவதும்தானே என்று மடக்கினார் நண்பர். அந்தப் பொருளில் சொன்னால் நானும் கைதட்டுவேன்!

நான் சொல்வது 'ஈட்டம்'. ஈட்டுதல் சம்பாதிப்பது மட்டுமல்ல, சேர்ப்பதும். தேனீ ஈட்டுவது பூப்பூவாய்ச் சிதறிக் கிடந்ததைத்தான். இலாபமும் குவிப்பும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. 'ஆதாயம்' என்போருக்கு: அதில் கணக்குப்பிள்ளை வாடைதான் அடிக்கிறது, குவிப்பு இல்லை.

பையனின் ஆறு மடங்குக்கு வருகிறேன். டெசிபல் நேர்க்கணக்கு அல்ல, மடக்கைக் (லாகரிதம்) கணக்கு. எத்திசைக்கும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆண்டெனாவுக்கு 100 வாட் கொடுத்தால், தடையில்லா வெளியில் 1 கிலோமீட்டர் தள்ளிப் புலவலிமை (அலையின் மின்புலம் அங்கே எவ்வளவு வலியது என்பது) மீட்டருக்குச் சுமார் 55 மில்லிவோல்ட். அரையலை இருமுனை ஆண்டெனாவின் (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி) ஈட்டம் 2.15 டெசிபல், கம்பிக்குச் செங்குத்தான திசையில் அது சுமார் 70 ஆகும். 6 டெசிபல் ஈட்டமானால் 110. அத்திசையில் திறன் நான்கு மடங்கு, புலவலிமை இரு மடங்குதான். ஆறு எங்கேயும் இல்லை.

புலவலிமையையும் மொழிபெயர்ப்பாளர்கள் விட்டுவைக்கவில்லை. ஏற்பியின் (ரிசீவரின்) முனையில் அளப்பது வெறும் மைக்ரோவோல்ட். வெளியில் இருக்கும் புலமோ மீட்டருக்கு இத்தனை மைக்ரோவோல்ட். முன்னதிலிருந்து பின்னதை அறிய ஆண்டெனாக் காரணியையும் (புலத்துக்கும் ஆண்டெனா முனையில் கிடைக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) கம்பி இழப்பையும் டெசிபலில் கூட்ட வேண்டும். இவர்கள் இரண்டையும் 'சிக்னல் வலிமை' என்று ஒரே மூட்டையில் கட்டி, 'மீட்டருக்கு' என்பதையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஒரு சொல்லை மிச்சம் பிடித்து என்ன ஈட்டினார்களோ!