ரிசர்வ்: மண்ணுக்குள் இருப்பதா, கைக்கு வருவதா?

ரிசர்வ் (பெயர்ச்சொல், எண்ணெய்த் தொழிலில் பெரும்பாலும் பன்மையில், ரிசர்வ்ஸ்). ஏற்கெனவே கண்டறியப்பட்டு, ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் வழியே கட்டுப்படியாகும் செலவில் எடுக்கக்கூடியதாகவும், கணக்கிட்ட நாளில் இன்னும் எடுக்கப்படாததாகவும் உள்ள எண்ணெய் அல்லது வாயுவின் அளவு. கண்டறிந்திருக்க வேண்டும், எடுக்க முடிய வேண்டும், கட்டுப்படியாக வேண்டும், மீதி இருக்க வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் அது ரிசர்வ் அல்ல.

வேர் லத்தீன்: 'ரே' என்றால் பின்னால், 'செர்வாரே' என்றால் வைத்துக் காத்தல். பிற்பாட்டுக்கென ஒதுக்கி வைப்பது என்பதே ஆதிப் பொருள். தமிழ்நாட்டில் புழங்கும் 'ரிசர்வ்'கள் பலவும் இந்தப் பொருளையே ஒட்டியவை. ரிசர்வ் ஃபாரஸ்ட் என்பது காப்புக்காடு; பைக் 'ரிசர்வ்ல ஓடுது' என்றால் டேங்கின் அடியில் ஒதுக்கி வைத்த பெட்ரோல். நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் 'ரிசர்வ்ஸ்' என்பது பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் சேர்த்து வைத்த லாபம். முதலீட்டாளர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். பங்குச் செயலியில் 'ரிசர்வ்ஸ்' என்ற வரியில் தெரியும் கோடிகள் கணக்குப் புத்தகத்துத் தொகை. எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எண்ணெய் ரிசர்வ் பேரலிலோ டன்னிலோதான் வரும், ரூபாயில் வராது.

தமிழ் நாளிதழ்கள் பொதுவாக 'எண்ணெய் வளம்' என்று எழுதுகின்றன. இது தவறு என்பதை விட ஆபத்து என்பது பொருந்தும். வளம் என்பது ரிசோர்ஸ். கண்டறிந்தும் ஏதோ ஒரு தடையால் எடுக்க முடியாமல் கிடப்பதும் வளம்தான் (நிபந்தனை வளம்). இருக்கக்கூடும் என்று நில அதிர்வு ஆய்வு சொல்வதை மட்டும் நம்பிப் போடும் கணக்கும் வளம்தான் (எதிர்நோக்கு வளம்). 'இருப்பு' அடுத்த தேர்வு. ஆனால் பாதூரிலும் மங்களூரிலும் விசாகப்பட்டினத்திலும் பாறைக் குகைகளில் நிரப்பி வைத்திருக்கும் கச்சா எண்ணெயும் இருப்புதான். அது வாங்கி வைத்தது. ரிசர்வ் இனிமேல் எடுக்க வேண்டியது.

டெல்டாவில் நிற்கிற பயிரைப் பார்த்து 'மாவுக்கு எத்தனை மூட்டை தேறும்?' என்று கேட்பார்கள் ('மா' என்பது நில அளவு). அறுத்து, அடித்து, தூற்றி, அளந்த பிறகு கையில் நிற்பது கண்டுமுதல். எண்ணெய்க்கும் இந்தப் பிரிவினை அப்படியே பொருந்துகிறது: ரிசர்வ் = தேறும் இருப்பு, உற்பத்தி = கண்டுமுதல். நம் பரிந்துரை 'தேறும் இருப்பு'. கட்டுப்படியாவது, மிஞ்சுவது இரண்டையும் 'தேறும்' என்ற சொல்லே சுமந்துகொள்கிறது.

எவ்வளவு தேறும் என்பதை எப்படிப் போடுகிறார்கள்? ஒரு சிறிய வயல்: பரப்பு 1 சதுர கி.மீ., எண்ணெய் உள்ள மணற்பாறையின் தடிமன் 5 மீட்டர். கன அளவு 50 லட்சம் கனமீட்டர். பாறையில் துளை 20 சதவீதம் என்றால் 10 லட்சம். அந்தத் துளைகளில் 60 சதவீதம் எண்ணெய், மீதி நீர், 6 லட்சம். மேலே வந்ததும் கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும், எனவே 1.25-ஆல் வகுக்க வேண்டும்: 4.8 லட்சம் கனமீட்டர், சுமார் 30 லட்சம் பேரல். இது மண்ணுக்குள் இருப்பது. இதில் கால்வாசி மேலே வரும் என்று வைத்தால் 7.5 லட்சம். தலைப்புச் செய்தியில் 30 வரும். பங்குதாரருக்கு உரியது 7.5-க்குள்தான். தடிமன் 5 மீட்டர் இல்லை, 3 என்று அடுத்த கிணறு காட்டினால் எல்லா எண்ணும் 40 சதவீதம் இறங்கும்.

மணற்பாறையே இப்படி என்றால், விரிசல் விட்ட கிரானைட்டில் கணக்கு இன்னும் வழுக்கும். காவிரிப் படுகையின் கடற்பகுதியில் உள்ள பிஒய்-1 வாயு வயல் அப்படிப்பட்டது. 2009-இல் உற்பத்தி தொடங்கியது. எதிர்பார்த்த அளவு வரவில்லை, தேறும் இருப்பு பின்னர் குறைக்கப்பட்டது.

இந்த ஐயப்பாட்டைச் சொல்லத்தான் 1பி, 2பி, 3பி. குறைந்தது இவ்வளவாவது தேறும் என்பதற்கு 90 சதவீத வாய்ப்பு இருந்தால் 1பி. 50 சதவீதம் என்றால் 2பி. 10 சதவீதம் என்றால் 3பி. இவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை, மூன்றையும் கூட்டக் கூடாது. பெட்ரோலியப் பொறியாளர் சங்கம் முதலிய அமைப்புகள் 2007-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வகைப்பாடு இது. வகையையும் கணக்கிட்ட தேதியையும் சொல்லாமல் வெறும் பேரல் எண்ணைக் கொடுக்கும் அறிக்கையை ஒதுக்கிவிடலாம்.

கட்டுப்படியாவது எண்ணெய் விலையை மட்டும் பொறுத்ததில்லை. அதே கடற்பகுதியில் உள்ள பிஒய்-3 எண்ணெய் வயலை 1988-இல் ஓஎன்ஜிசி கண்டறிந்தது, 1997 முதல் எண்ணெய் வந்தது. எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும் மிதவைக் கப்பலின் ஒப்பந்தம் முடிந்ததோடு 2011 ஜூலையில் வயல் மூடப்பட்டது. எண்ணெய் தீரவில்லை, எடுக்க வழி இல்லாமல் போனது. தரையில் வேறு வகைத் தடை. நெடுவாசல் வயல் ஏலத்தில் போயும் 2017-இல் எழுந்த போராட்டத்தால் நகரவில்லை. தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020 டெல்டாவில் புதிய எண்ணெய், வாயுத் துரப்பணத்துக்குத் தடை விதிக்கிறது. ஏற்கெனவே நடக்கும் பணிகளைத் தொடவில்லை. ஆக, இங்கே தரையில் 'எதிர்நோக்கு வளம்' என்று ஒரு நிறுவனம் காட்டினால் அதற்குப் பூஜ்யம் போட்டுப் பார்ப்பதே சரி.

நிறுவனம் சொல்லும் எண் சரியா என்று வீட்டிலேயே உரசிப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் பேரல் எடுக்கிறார்கள், 2பி 7.5 லட்சம் என்கிறார்கள். ஏழரை ஆண்டு ஓடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பழைய கிணறுகளின் உற்பத்தி ஆண்டுக்கு 15 சதவீதம் சரிகிறது என்றால், முடிவே இல்லாமல் எடுத்தாலும் மொத்தம் 1 ÷ 0.15, அதாவது 6.67 லட்சம்தான். ஆண்டுக்கு 30,000 பேரலுக்குக் கீழே போனால் கட்டாது என்று நிறுத்தினால் சுமார் 4.7 லட்சம். பாக்கி 2.8 லட்சம் புதுக் கிணறுகளில் இருந்துதான் வர வேண்டும். அதற்குப் பணம் எங்கே? கடனா, புதிய பங்கு வெளியீடா? கேட்க வேண்டிய கேள்வி அது.

நிறுத்தும் புள்ளி எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் வருவதற்குப் பெரும்பாலும் நீர்தான் காரணம். நாளைக்கு 200 கனமீட்டர் திரவம் வரும் கிணறுகளில் நீர் 80 சதவீதம் என்றால் எண்ணெய் 40. நீர் 90 ஆனால் எண்ணெய் 20. பத்துப் புள்ளி ஏறியதில் வருமானம் பாதி. பம்புக்கும் மின்சாரத்துக்கும் ஆளுக்கும் அதே செலவு, உப்பு நீரை அப்புறப்படுத்த மேற்கொண்டு செலவு.

கடைசியாக, யாருடைய பேரல் என்று பார்க்க வேண்டும். பிஒய்-3-ஐ நடத்திய ஹார்டி நிறுவனம், அப்போது லண்டனில் பட்டியலிடப்பட்டிருந்த ஹார்டி ஆயில் அண்ட் கேஸின் கிளையாக இருந்தது. வயலில் அதன் பங்கு 18 சதவீதமாக இருந்தது. வயலின் 100 பேரலில் 18, அதிலும் அரசுக்குரியது போக மீதி. 'வயலின் மொத்தம்' என்று போட்டிருந்தால் அது உங்கள் எண் இல்லை. டன்னில் கொடுத்திருந்தால் பேரலாக மாற்றப் பொதுவாக 7.3-ஆல் பெருக்கலாம், ஆனால் பிஒய்-3 போன்ற இலேசான எண்ணெய்க்கு ஏறக்குறைய 8. வாயுவை 6,000 கன அடிக்கு ஒரு பேரல் என்று மாற்றிக் கூட்டியிருந்தால் பிரித்துக் கேளுங்கள்: அது வெப்ப அளவில் சமம், விலையில் அல்ல.