கூடாத எலும்புக்கு ஒரு துளி மின்சாரம்

மாவுக்கட்டோ, உள்ளே வைத்த பிளேட்டோ அசையாமல் பிடித்துக்கொண்டால் முறிந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். சிலருக்கு மட்டும், முக்கியமாக முழங்காலுக்குக் கீழே இருக்கும் டிபியாவில், மாதக்கணக்கில் காத்திருந்தாலும் எக்ஸ்ரேயில் முறிவைக் காட்டும் கருப்புக் கோடு மறையாது. இப்படி நின்றுபோன எலும்புக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயம் வருவது இயல்புதான். ஆனால் எலும்புக்கு மின்சாரம் புதிதல்ல.

கேஸ் லைட்டரை அழுத்தினால் உள்ளே இருக்கும் படிகம் நசுங்கித் தீப்பொறி வருகிறது அல்லவா? காய்ந்த எலும்பை அழுத்தினாலும் அதே மாதிரி, ஆனால் மிக மிகச் சிறிய அளவில், மின்னூட்டம் உண்டாகிறது என்பதை 1957இல் ஜப்பானில் எய்ச்சி ஃபுகடாவும் எலும்பு மருத்துவர் இவாவோ யசுடாவும் காட்டினார்கள். எலும்பு வளையும்போது அழுத்தப்படும் பக்கம் எதிர்மின் தன்மை பெறுகிறது, புது எலும்பு வளர்வதும் அந்தப் பக்கம்தான்! எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான விஷயம் இதுதான். உயிருள்ள, ஈரமான எலும்பில் இன்னொன்றும் சேர்கிறது: நாம் கால் ஊன்றும்போதெல்லாம் நுண்ணிய கால்வாய்களில் அயனிகளோடு திரவம் ஓடி மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது.

சரி, வெளியிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும்? எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்லுக்குள் கால்சியம் அளவு கூடுகிறது, அதைத் தொடர்ந்து செல்கள் பெருகி, எலும்பு வளரத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன. ஒரு முறையில் எதிர்மின் முனையை அறுவை செய்து முறிவுக்குள்ளேயே வைப்பார்கள். அங்கே ஆக்சிஜன் குறைந்து காரத்தன்மை கூடுவதும் எலும்பு வளர்ச்சிக்குச் சாதகம். மின்னோட்டம் சுமார் 20 மைக்ரோஆம்பியர், அதாவது ஒரு சின்ன எல்இடி விளக்கு எடுப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைக் கூட்டிக்கொண்டே போனால் எலும்பு வேகமாக வளராது, சுற்றியுள்ள திசுதான் சாகும். அறுவை வேண்டாமென்றால் கட்டுக்கு மேலேயே சுருள் ஒன்றைக் கட்டி, தினமும் சில மணி நேரம் துடிப்புத் துடிப்பாகக் காந்தப்புலம் செலுத்தலாம், அதுவே முறிவுக்குள் மெல்லிய மின்சாரத்தை உண்டாக்கும். இதற்கு அமெரிக்காவில் 1979இலேயே அனுமதி கிடைத்துவிட்டது.

பலன் உண்டா என்றால், உண்டு, ஆனால் அளவோடுதான். மின்சாரம் தராத போலிக் கருவியோடு ஒப்பிட்ட 15 ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, எக்ஸ்ரேயில் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 35% குறைந்திருந்தது, வலியும் கொஞ்சம் குறைந்தது. நடமாட்டத்தில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. முறிவு ஆடிக்கொண்டிருந்தாலோ, இடைவெளி பெரிதாக இருந்தாலோ, சீழ் பிடித்திருந்தாலோ முதலில் அதைச் சரி செய்தாக வேண்டும், புகை பிடிப்பவர் அதை நிறுத்தியாக வேண்டும்.

அப்புறம், பிசியோதெரபியில் வலிக்காக வைக்கும் கரண்ட் வேறு, இது வேறு. எலும்பு கூடட்டும் என்று அந்த மெஷினை வாங்கி வீட்டில் நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள்.